விட்டுல்லோ என்று பேர் எழுதிய பெட்டி

பெட்டிக்குள் அதிசயமாக ஒன்றும் இல்லை. நுனியில் பஞ்சு சுற்றிய குச்சிகள், கண்ணாடி ஸ்லைடுகள், ஒரு சீப்பு, காகித உறைகள், பைகள், ஒட்டுவதற்கு லேபிள்கள், நிரப்புவதற்குப் படிவங்கள், எதை முதலில் செய்வது எதை அடுத்துச் செய்வது என்று சொல்லும் ஒரு குறிப்புத்தாள். எல்லாமே மருந்துக் கடையிலும் ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கிற சாமான்கள்தாம். ஆனால் இவற்றை ஒரே அட்டைப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி, மூடி சீல் வைத்து, ஊரிலுள்ள எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும் என்ற யோசனை பிறக்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது பிறந்த ஊர் சிகாகோ. யோசித்தவர் மருத்துவர் அல்ல, போலீஸ் அல்ல, வக்கீலும் அல்ல.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் உடலிலிருந்தும் உடையிலிருந்தும் தடயம் சேகரிக்கும் இந்தப் பெட்டியை அமெரிக்காவில் ‘ரேப் கிட்’ என்கிறார்கள். துப்பறியும் தொடர் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். அந்தத் தொடர்களில் அது ஆய்வகத்துக்குள் நீல வெளிச்சத்தில் வரும். உண்மையில் அது பிறந்தது ஒரு தொலைபேசிக்குப் பக்கத்தில்.

வீட்டை விட்டு ஓடிவந்த பதின்வயதுப் பிள்ளைகளுக்காக அன்றைய சிகாகோவில் ‘மெட்ரோ ஹெல்ப்’ என்றொரு தொலைபேசி உதவி மையம் இருந்தது. மார்த்தா கோடர்ட் அங்கே தன்னார்வலர். எல்லாரும் அவரை மார்ட்டி என்றே அழைத்தார்கள். வேலை பார்த்தது ஓர் அறக்கட்டளையில். அது ஹிப்பிகளின் காலம். பிள்ளைகள் ஓடுவது ஊர் சுற்றவும் போதைக்கும் பாட்டுக்கும்தான் என்று பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். தொலைபேசியில் மார்ட்டி கேட்டதோ வேறு. எங்கேயோ போக ஆசைப்பட்டு அந்தப் பிள்ளைகள் கிளம்பவில்லை; வீட்டில் ஒருவரிடமிருந்து தப்பிக்கவே கிளம்பியிருந்தார்கள். அப்பா, மாற்றாந்தந்தை, உறவுக்காரர் என்று அந்த ஒருவர் பலராக இருந்தார்.

இதைக் கேட்கிற நல்ல மனசுக்காரர்கள் பெரும்பாலும் பிள்ளைக்கு ஆறுதல் சொல்வதோடு நிற்பார்கள். மார்ட்டிக்கு அதற்கு மேல் ஒரு கேள்வி எழுந்தது. இத்தனை பேருக்கு நடக்கிறது என்றால், செய்தவர்களெல்லாம் எங்கே? ஏன் ஒருவரும் ஜெயிலுக்குப் போவதாகக் காணோம்? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனார், போலீசுக்குப் போனார், ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். அறக்கட்டளைக்காரர் என்பதால் கதவுகள் கொஞ்சம் எளிதாகத் திறந்தன என்று நினைக்கிறேன். நன்கொடை தரும் இடத்திலிருந்து வருகிறவரை யாரும் வாசலில் நிறுத்துவதில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற தடயம் எதற்கும் பயன்படவில்லை என்றது போலீஸ் ஆய்வகம். என்ன எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இருவர் சொன்னதும் உண்மை. மாதிரி தடவிய இரண்டு ஸ்லைடுகளை முகத்தோடு முகம் வைத்து ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பினார்கள். ஒன்றில் இருந்தது மற்றதில் ஒட்டிக்கொண்டது. யாருடைய மாதிரி, யார் எடுத்தது என்று எழுதப்படாமலே பல வந்தன. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் இவற்றைக் கிழித்துப்போட இரண்டு கேள்வி போதும்.

உடையைத் தடயமென்று வாங்கி வைத்துக்கொண்டவர்கள் மாற்றுடை தரவில்லை. ஆஸ்பத்திரி அங்கியும் காகிதச் செருப்புமாகப் பெண்கள் போலீஸ் காரில் வீடு திரும்பினார்கள். தெருவே பார்க்க அப்படி வந்து இறங்குகிற ஒருவர், அடுத்த வாரம் சாட்சி சொல்ல வாருங்கள் என்றால் வருவாரா?

போலீசின் மனநிலையும் தெரிந்ததுதான். சிகாகோ காவல் துறையின் 1973ஆம் ஆண்டுப் பயிற்சிக் கையேடு, இந்த மாதிரிப் புகார்களில் பலவும் உண்மையல்ல, காதலனைப் பழிவாங்கப் பெண்கள் கிளப்புகிறவை என்று புதிய காவலர்களுக்குப் பாடம் நடத்தியது. நீதிமன்றங்களும் அதற்குக் குறைந்தவை அல்ல. இது எளிதில் சுமத்திவிடக்கூடிய குற்றச்சாட்டு, ஜாக்கிரதையாக இருங்கள் என்று ஜூரிகளை எச்சரிக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி மேத்யூ ஹேலிடமிருந்து வந்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அது 1970கள் வரை உயிரோடு இருந்தது.

பெண்ணின் வாய்ச்சொல்லை நம்பாதவர்கள் இவர்கள். இவர்களை மாற்ற மார்ட்டி பிரசங்கம் செய்யவில்லை. அவர்கள் எதை நம்புவார்கள் என்று பார்த்தார். சீல் வைத்த உறை, கையெழுத்து, தேதி, நேரம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு இவற்றைத்தான் அவர்கள் நம்பினார்கள். அவர் செய்ததில் எனக்கு மிகவும் கெட்டிக்காரத்தனமாகத் தெரிவது இதுதான். அதே சமயம் மனத்தை உறுத்துவதும் இதுதான். ஒரு மனுஷி தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் போதாது, அவள் உடம்பு சொல்ல வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே அந்தப் பெட்டி பிறக்க முடிந்தது.

திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு அவர் போய்ப் பார்த்தவர் லூயிஸ் விட்டுல்லோ. சிகாகோ போலீஸ் ஆய்வகத்தில் சார்ஜண்ட், நுண்ணோக்கிப் பிரிவின் தலைவர். எட்டு நர்ஸ் மாணவிகளை ரிச்சர்ட் ஸ்பெக் என்பவன் கொன்ற 1966ஆம் ஆண்டு வழக்கில் பணியாற்றிப் பேர் வாங்கியவர். மார்ட்டி பிற்காலத்தில் சொன்னபடி, அவர் கத்தினார். பைத்தியக்காரத்தனம், என் நேரத்தை வீணாக்குகிறீர்கள் என்று விரட்டாத குறையாக அனுப்பிவிட்டார். சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மேஜைமேல் ஒரு மாதிரிப் பெட்டி. மார்ட்டி எழுதிக் கொடுத்திருந்ததையெல்லாம் வைத்து, ஆய்வகத்துக்குத் தேவையான நுணுக்கங்களையும் சேர்த்து, அவர் கையாலேயே செய்திருந்தார்.

யோசனை ஒருவருடையது, நுணுக்கம் இன்னொருவருடையது. பெட்டிமேல் பேர் ஏறியது ஒருவருக்குத்தான்: விட்டுல்லோ தடயச் சேகரிப்புப் பெட்டி. அன்றைய நிலையில் ஒரு பெண்ணியவாதியின் பேரோடு வந்திருந்தால் எந்தப் போலீஸ் நிலையமும் தொட்டிருக்காது. காவல் துறைக்காரர் பேரோடு வந்ததால் வாங்கிக்கொண்டார்கள். மார்ட்டி தெரிந்தே விட்டுக்கொடுத்தார் என்றுதான் தோன்றுகிறது. அதற்கான விலை பிறகு வந்தது. 2006இல் விட்டுல்லோ காலமானபோது, பெட்டியைக் கண்டுபிடித்தவர் என்று பத்திரிகைகள் அவருக்கு இரங்கல் எழுதின. மார்ட்டி 2015இல் இறந்தபோது அப்படி எழுத ஆளில்லை. 2020இல் பேகன் கென்னடி என்ற எழுத்தாளர் பழைய தாள்களையும் பேட்டிகளையும் தேடிப் பிடித்து நியூயார்க் டைம்ஸில் எழுதிய பிறகுதான் பலருக்கும் அவர் பேர் தெரிந்தது.

பெட்டி தயார், பணம் இல்லை. அறக்கட்டளை உலகத்தை உள்ளும் புறமும் அறிந்த மார்ட்டிக்கே, வல்லுறவு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் திருப்பிக்கொள்ளும் புரவலர்கள்தான் வாய்த்தார்கள். கடைசியில் 10,000 டாலர் கொடுத்தது யார் தெரியுமா? பெண்களின் நிர்வாணப் படம் அச்சிட்டு விற்ற பிளேபாய் பத்திரிகையின் அறக்கட்டளை. பெட்டிகளை அடுக்கிக் கட்டும் வேலையும் அவர்கள் அலுவலகத்திலேயே நடந்தது. வயதான தன்னார்வலர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே, குச்சியையும் ஸ்லைடையும் சீப்பையும் எண்ணி எண்ணிப் போட்டார்கள். பெண்கள் இயக்கத்தில் இதற்காக மார்ட்டியைத் திட்டியவர்கள் உண்டு. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. எனக்கும் திட்டத் தோன்றவில்லை. கௌரவமான பணம் எல்லாம் கைவிரித்த இடத்தில் அந்தப் பணம் வந்தது.

1978இல் சிகாகோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபத்தைந்துக்குக் குறையாத ஆஸ்பத்திரிகளில் பெட்டி பயன்பாட்டுக்கு வந்தது. 1982இல் நியூயார்க் நகரம் எடுத்துக்கொண்டது. மார்ட்டி ஊர் ஊராகப் போய் நர்ஸ்களுக்கும் போலீசுக்கும் பயிற்சி கொடுத்தார். இடையில், 1970களின் கடைசியில், ஹவாய்க்கு விடுமுறையில் போனபோது அவரே கடத்தப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வேலையை விடவில்லை. பின்னாளில் குடியில் விழுந்தார், நண்பர்களை விட்டு விலகினார், அரிசோனாவில் தனியாக வாழ்ந்து முடிந்தார். ஊருக்கே உதவி ஏற்பாடு செய்தவருக்குப் போதுமான உதவி கிடைத்ததாகத் தெரியவில்லை.

பெட்டிக்குள் இருந்த ஒரு பொருளை வேண்டுமென்றே இதுவரை சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர் கையில் கொடுக்க ஓர் அட்டை வைத்திருந்தார் மார்ட்டி. மேல் சிகிச்சைக்கு எங்கே போவது, மனம் விட்டுப் பேச யாரிடம் போவது என்று அதில் இருக்கும். மற்ற சாமான்கள் எல்லாம் பெட்டியோடு ஆய்வகத்துக்குப் போய்விடும். அட்டை மட்டும் அவரோடு வீட்டுக்குப் போகும்.

அந்த அட்டை காட்டிய திசையில் வேறு சிலர் அதே காலத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். மனநல நர்ஸ் ஆன் பர்ஜஸ், சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ரம் என்ற இருவர், 1972இல் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வன்கொடுமைக்கு ஆளானவர் யார் வந்தாலும், எந்த நேரமானாலும், எங்களுக்குப் போன் போடுங்கள். நடுராத்திரியில் கிளம்பிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஓராண்டில் 146 பேரைச் சந்தித்தார்கள். சிலர் அழுதார்கள், நடுங்கினார்கள். சிலர் ஒன்றுமே நடக்காததுபோல நிதானமாகப் பேசினார்கள். அந்த நிதானமும் அதிர்ச்சியின் ஒரு முகம்தான் என்று 1974இல் இருவரும் எழுதினார்கள். அழவில்லையே, அப்படியானால் பொய் என்று முடிவு கட்டிக்கொண்டிருந்த உலகத்துக்கு அது புதிய செய்தி. இந்த வேலைக்கென்றே நர்ஸ்களைத் தனியாகப் பயிற்றுவிக்கும் திட்டங்கள் மெம்ஃபிஸ், மினியாபொலிஸ் போன்ற ஊர்களில் 1970களின் பிற்பாதியில் தொடங்கின. பெட்டியை எப்படித் திறப்பது என்பதைவிட, திறப்பதற்கு முன்னால் அனுமதி கேட்பது எப்படி, நடுவில் வேண்டாம் என்றால் நிறுத்துவது எப்படி என்பதுதான் அந்தப் பயிற்சியின் கடினமான பாடம்.

மார்ட்டியின் பெட்டி பிறந்தபோது டி.என்.ஏ. சோதனை கிடையாது. ரத்த வகை, முடி, நூலிழை, நுண்ணோக்கியில் தெரியும் விந்தணு, அவ்வளவுதான். பிரிட்டனில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் டி.என்.ஏ. ரேகையைக் கண்டறிந்த பிறகு அதே பெட்டிக்குப் பத்து மடங்கு பலம் வந்தது. பலம் வந்து என்ன பயன்? 2009இல் டெட்ராய்ட் நகரப் போலீஸ் கிடங்கு ஒன்றில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் சோதிக்கப்படாமல் கிடந்தன. பதினோராயிரம் தடவை யாரோ ஒருவர், அந்த நிலைமையிலும், மணிக்கணக்காகப் பரிசோதனை மேஜையில் படுத்துக் கொடுத்தவை அவை. மாவட்ட அரசு வழக்கறிஞர் கிம் வொர்தி பணம் திரட்டிச் சோதிக்க வைத்தார். தொடர் குற்றவாளிகள் என்று சந்தேகிக்கத் தக்கவர்கள் மட்டும் எண்ணூறுக்கு மேல் கிடைத்தார்கள். பணமில்லை, ஆளில்லை என்பது காவல் துறையின் சமாதானம். ஆராய்ந்து பார்த்த மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரெபெக்கா கேம்ப்பெலின் குழு இன்னொன்றையும் சொன்னது: புகார் கொடுத்தவர்களைப் போலீஸ் நம்பவில்லை. 1973ஆம் ஆண்டுக் கையேட்டின் வாசகம் 2009 வரை வேறு ஊரில் வேலை செய்துகொண்டிருந்தது.

நம் பக்கத்துக் கதையிலும் 1978 என்ற ஆண்டு வருகிறது. மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமியை 1972இல் வன்கொடுமை செய்த வழக்கு, மதுரா வழக்கு என்று பேர் பெற்றது. சிகாகோவில் பெட்டி பயன்பாட்டுக்கு வந்த அதே ஆண்டில்தான் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுதலை செய்தது. அந்த வழக்கில் தடயம் இல்லாமலில்லை. உடையில் விந்துக் கறை இருந்தது. ஆனால் அவள் உடம்பில் காயமில்லை, எனவே இசைந்திருக்கிறாள் என்றது தீர்ப்பு. உபேந்திர பக்சி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் நீதிமன்றத்துக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருந்தியது.

அதற்குப் பிறகும் நம் ஆஸ்பத்திரிகளில் நடந்த பரிசோதனை குற்றத்தைத் தேடவில்லை. பெண்ணின் நடத்தையைத் தேடியது. பிறப்புறுப்பில் விரல் விட்டு, உடலுறவுக்குப் பழகியவளா என்று பார்க்கும் இருவிரல் சோதனை என்ற அவமானம் அதற்கென்றே இருந்தது. மும்பையில் சேஹத் என்ற ஆய்வு நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் நம் நிலைமைக்கு ஏற்ற தடயப் பெட்டி ஒன்றை உருவாக்கி, கையேட்டோடு மருத்துவர்களிடம் கொண்டுபோனது. அதே நிறுவனம் மும்பை மாநகராட்சியோடு சேர்ந்து, பாந்த்ராவின் பாபா ஆஸ்பத்திரிக்குள்ளேயே 2000இல் ‘திலாசா’ என்ற மையத்தைத் தொடங்கியது. கால் வழுக்கி விழுந்தேன், அடுப்பு பட்டுவிட்டது என்று அவசரப் பிரிவுக்கு வருகிற பெண்ணிடம் தனியாக உட்கார்ந்து, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று கேட்கும்படி நர்ஸ்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உதவி தேடி அவள் இன்னொரு கட்டடத்துக்கு அலைய வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் சந்தேகமும் வராது.

தில்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டு வன்கொடுமையும், அதன் பிறகு சட்டத்தை மாற்றச் சொல்லி நீதிபதி வர்மா குழு அறிக்கை கொடுத்ததும் வாசகர்களுக்குத் தெரியும். சட்டம் மாறியதோடு, 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஆஸ்பத்திரிகளுக்கான வழிமுறையை வெளியிட்டது. இருவிரல் சோதனை கூடாது, காயம் இல்லாததை இசைவு என்று எழுதக் கூடாது, சிகிச்சையும் ஆறுதலும் தடயத்துக்குக் குறைந்தவை அல்ல என்று அதில் தெளிவாக இருக்கிறது. எழுதிய பிறகும் பழக்கம் போகவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இருவிரல் சோதனையை உடனே தடை செய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இனி அதைச் செய்கிறவர் முறைகேடு செய்தவராகவே கருதப்படுவார் என்றது.

இன்று நம் ஊரில் ஒருவருக்கு இது தேவைப்பட்டால் நடக்க வேண்டியது இப்படி. அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, எதற்கும் நேராகப் போகலாம், முதலில் எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்பதில்லை. முதலுதவியும் சிகிச்சையும் இலவசம். சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டு தடயப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல வயது வந்தவருக்கு உரிமை உண்டு. தடயமும் கொடுத்துவிட்டு, போலீசுக்குப் போக இப்போது விருப்பமில்லை என்றும் சொல்லலாம், அதை எழுதி வைத்துக்கொள்வார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. குளித்துவிட்டாலும் போகலாம், நாலு நாள் வரை மாதிரி எடுக்கலாம். கழற்றிய உடையைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதத்தில் சுற்ற வேண்டும். ஈரத்தில் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காவல் துறைக்குப் போகத் தயங்குகிறவர்கள்கூட இந்த இரண்டுக்காகவாவது தாமதிக்கக் கூடாது. மருத்துவ அறிக்கையின் நகலைக் காசில்லாமல் கேட்டு வாங்கலாம். தங்க இடம், வக்கீல், ஆலோசகர், போலீஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க மாவட்டங்களில் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015 முதல் வந்திருக்கின்றன. 181 என்ற எண்ணை ராத்திரியிலும் அழைக்கலாம், குழந்தைகளுக்கு 1098.

“போலீஸ் கேஸும்மா இது, முதல்ல ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாங்க” என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்புவது இன்னமும் நடக்கக்கூடியதுதான். அப்படிச் சிகிச்சை மறுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவின்படி குற்றம். ஆஸ்பத்திரியின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். கூடப் போகிறவர் இந்தப் பிரிவின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போவது நல்லது.